பெட்டி கேஸ்தானேன்னு ஒத்துக்கிட்டு நான் பட்ட பாடு

எங்கிட்ட ஒரு பேப்பர் இருக்கு, ரெண்டே பக்கம், கோர்ட்டு சீல் குத்துன நகல், ரேஷன் கார்டு பாஸ்புக் எல்லாம் போட்டு வச்சிருக்க மஞ்சப்பைக்குள்ளதான் அதுவும் கிடக்கு. அதுல ஒரு வரிய அப்படியே எழுதுதேன்: “குற்றச்சாட்டின் சாராம்சம் எதிரிக்கு விளக்கிச் சொல்லப்பட்டு வினவியதில், எதிரி தானாக முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டார்.” எதிரின்னா நான்தான், கோர்ட்டு தமிழ்ல கேஸ்ல மாட்டுனவனுக்கு அதான் பேரு. அந்தப் பேப்பர்ல என் பேரும் தகப்பனார் பேரும் தேதியும் நெசம். இந்த வரி நெசம் இல்ல. ஆனா பன்னெண்டு வருஷமா என்னைப் பத்தி கவர்மெண்டுக்குத் தெரிஞ்சது இந்த வரி மட்டுந்தான்.

2013ல எங்க ஊரு சுடலை கோயில் கொடை, அதான் திருவிழா. சாமக்கொடை முடியுற நேரம், வில்லுப்பாட்டு ஒரு பக்கம் ஓடிக்கிட்டு இருக்கு, பைக்கை நிறுத்துன இடத்துக்காக ரெண்டு கோஷ்டி வாய்ச்சண்டை போட்டு அது கைகலப்பாயிட்டு. எங்க சித்தப்பா மவன் அப்ப பதினாறு வயசு, எங்க சண்டைன்னாலும் முதல்ல போயி நிப்பான், அவனைச் சட்டையப் பிடிச்சு வெளிய இழுக்கத்தான் நான் உள்ள போனேன். போலீஸ் ஜீப்பு வந்ததும் அந்தப் பய என் கைய உதறிட்டு வாழைத் தோட்டத்துக்குள்ள பாஞ்சு போயிட்டான். நான் அங்கனயே நின்னேன், நாமதான் ஒண்ணும் பண்ணலியேன்னு. எட்டு பேர ஏத்துனாவ, அதுல நானும் ஒருத்தன்.

ராத்திரி ஸ்டேஷன்ல உக்கார வச்சு காலைல பேரு அட்ரஸ் வாங்கிட்டு விட்டுட்டாவ. இ.பி.கோ. 160. பொது இடத்துல சண்டை போட்டு பொது அமைதியக் கெடுத்ததுன்னு அர்த்தம். அந்த செக்‌ஷனுக்கு அப்ப ஒரு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா நூறு ரூவா வரைக்கும் ஃபைன், இல்லைன்னா ரெண்டும். நூறு ரூவாதான் உச்சம்ங்கிறது எனக்குத் தெரிஞ்சது நாலு வருஷம் கழிச்சு.

நாலு மாசத்துல ஏட்டையா போன் போட்டாரு. “நாளைக்கு பத்து மணிக்கு கோர்ட்டுக்கு வந்துருங்கடே, ஆளுக்கு ஐநூறு எடுத்துக்கோங்க, பெட்டி கேஸ்தான், ஒத்துக்கிட்டா அஞ்சு நிமிஷம், ஒத்துக்கிடலன்னா அஞ்சு வருஷம் அலையணும்.” அவரு கெட்ட மனுசன்னு சொல்ல மாட்டேன், நெசமாவே எங்க அலைச்சல மிச்சப்படுத்துதோம்னுதான் நெனச்சிருப்பாரு. எங்கய்யாவும் அதத்தான் சொன்னாரு, கடைய எத்தன நாளு பூட்டிட்டு கோர்ட்டுக்குப் போவ, கட்டிட்டு வாலேன்னு.

எந்த ஊரு கோர்ட்டுன்னு சொல்லல, நம்ம மாவட்டத்துல ஒரு தாலுகா கோர்ட்டுன்னு வச்சுக்கோங்க. வேப்பமரத்து மூட்டுல எட்டு பேரும் நின்னோம், வெள்ளை வேட்டி கட்டுன ஒரு ஆளு, வக்கீல் குமாஸ்தாவா யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, ரூவாய வாங்கிட்டு ஒரு அச்சடிச்ச தாள்ல கையெழுத்து வாங்குனாரு. படிக்கலாமான்னு கேட்டேன். “படிச்சு என்ன பண்ணப் போற தம்பி, உள்ள கூப்புடுதாவ பாரு”ன்னாரு. டவாலி வரிசையா பேரு கூப்பிட்டாரு, எட்டு பேரும் ஒரே வரியா கை கட்டி நின்னோம். பெஞ்சு கிளார்க்கு மூச்சு விடாம வாசிச்சாரு, கொடையில பொது இடத்துல சண்டை போட்டதா கேஸு, ஒத்துக்கிடுதியளான்னு. முதல் ஆளு ஆமாய்யா. ரெண்டாவது ஆளு ஆமாய்யா. அஞ்சாவது நான்.

நான் சொன்னது இதுதான்: “ஆமாய்யா, நான் வெலக்கி வுடத்தான்…”

அதுக்குள்ள “சரி, நூறு, அடுத்து”ன்னு ஆறாவது ஆளுக்குப் போயிட்டு. எங்க கடையில கால் கிலோ சீனி நிறுத்து பொட்டலம் மடிக்கதுக்கு இதவிட நேரம் ஆவும்.

இந்த ஆமாய்யாவப் பத்தி கொஞ்சம் சொல்லணும். நம்ம பக்கம் பெரிய மனுசங்க எது கேட்டாலும் முதல்ல ஆமாய்யாதான் வரும், “ஏல நீ நேத்து சினிமாவுக்குப் போனியா”ன்னு கேட்டா “ஆமாய்யா, போவலய்யா”ன்னு பதில் சொல்ற ஆளுங்க நாம. அது ஒத்துக்கிடுறது இல்ல, நீங்க கேட்டது காதுல விழுந்துட்டுன்னு மரியாதைக்குச் சொல்றது. கோர்ட்டுல ஆமாய்யாவுக்கு ஒரே அர்த்தம்தான். என் வாக்கியத்துல முதல் வார்த்தை மட்டும் ரெக்கார்டுல ஏறிட்டு, மிச்சம் காத்துல போயிட்டு.

வெளிய வந்து ரசீது பாத்தா நூறு ரூவா. மிச்ச நானூறு “செலவு”. கேக்குற தைரியம் எட்டு பேருல ஒருத்தனுக்கும் இல்ல. பஸ் ஸ்டாண்டுல போயி ஆளுக்கொரு டீயும் வடையும் தின்னுட்டு சிரிச்சுக்கிட்டேதான் ஊருக்கு வந்தோம், கேஸு முடிஞ்சுட்டுல்லா.

முடியல. மூணு வருஷம் கழிச்சு ஒரு யூனிஃபார்ம் வேலைக்குப் பரீட்சை எழுதி, ஓட்டம், கயிறு ஏறுறது எல்லாம் பாஸாகி, வெரிஃபிகேஷன் ஃபாரம் வந்துச்சு. உங்கள் மீது குற்ற வழக்கு இருந்துள்ளதா, தண்டனை பெற்றுள்ளீர்களான்னு ரெண்டு கட்டம். நான் ரெண்டுலயும் இல்லைன்னு எழுதுனேன். பொய் சொல்லணும்னு எழுதல, நூறு ரூவா ஃபைன் கட்டுனது தண்டனைன்னு எனக்கு உறைக்கவே இல்ல, பஸ்ல டிக்கெட் எடுக்காம மாட்டிக்கிட்டா கட்டுற மாதிரி ஒண்ணுன்னுதான் மனசுல இருந்துச்சு. ஸ்டேஷன்ல ரிஜிஸ்டர பாத்து ரிப்போர்ட் அனுப்பிட்டாவ. தண்டனை பெற்றதையும் மறைச்சதையும் சேத்து எழுதி ஒரு லெட்டர் வந்துச்சு, வேலை போச்சு. சண்டையில இருந்த மத்த ஏழு பேருல ஒருத்தன் துபாய்ல இருக்கான், ஒருத்தன் வாழைத்தார் ஏவாரம், அவங்களுக்கு அந்த நூறு ரூவா நூறு ரூவாயோட போச்சு. எனக்கு மட்டும் இப்படி.

பெறவுதான் பாளையங்கோட்டையில ஒரு வக்கீல் அண்ணாச்சியப் போயி பாத்தேன். அவரு முதல்ல கேட்டது, “நகல் எடுத்தியாடே?” நகல்னா என்னன்னே தெரியாது. நகல் மனு போட்டு ஸ்டாம்பு ஒட்டி மூணு வாரம் அலைஞ்சு வாங்கிட்டு வந்தேன், அதான் அந்த மஞ்சப்பை பேப்பர். அவரு கண்ணாடியப் போட்டு அந்த ஒரு வரிய ரெண்டு தரம் வாசிச்சாரு, பெறவு நீ என்ன சொன்னேன்னு கேட்டாரு. நான் சொன்னதும் பேனாவ மேசையில வச்சுட்டு, “சவம், நீ ஒத்துக்கிடவே இல்லியேடே”ன்னாரு.

அவரு சொன்னத எனக்குப் புரிஞ்ச மட்டுக்கும் எழுதுதேன். இந்த மாதிரி சின்னக் கேஸ்ல, சம்மன் கேஸ்னு சொல்லுதாவ, சாட்சி விசாரணை எல்லாம் வாரதுக்கு முன்னாலயே மாஜிஸ்ட்ரேட் ஒன்னைய நேரா பாத்து கேஸு என்னன்னு சொல்லணும், சொல்லிட்டு ரெண்டு கேள்வி கேக்கணும். ஒத்துக்கிடுதியா, இல்ல சொல்றதுக்கு எதிர்வாதம் எதும் இருக்கா. பழைய குற்ற விசாரணை முறைச் சட்டம் 251ல இந்த ரெண்டும்தான் இருந்துச்சு, 2024 ஜூலை 1ல இருந்து வந்த புது பி.என்.எஸ்.எஸ். சட்டத்துல அதே சங்கதி 274. எங்க எட்டு பேருகிட்டயும் முதல் பாதிக் கேள்விதான் வந்துச்சு, ரெண்டாவது பாதி வரவே இல்ல. அடுத்த செக்‌ஷன் 252, இப்ப 275, அதுல என்ன இருக்குன்னா, ஒத்துக்கிட்டா அவன் சொன்னத கூடுமான வரைக்கும் அவன் சொன்ன வார்த்தையிலயே எழுதணும், எழுதிட்டு அதுக்கு மேல தண்டனை குடுக்கலாம். குடுக்கலாம்தான், குடுத்தே ஆவணும்னு இல்ல. ஒத்துக்கிட்டதுல சந்தேகம் இருந்தா ஒத்துக்கிட்டத ஏத்துக்காம விசாரணைக்குப் போட மாஜிஸ்ட்ரேட்டுக்கு அதிகாரம் இருக்கு.

அவன் வார்த்தையிலயேங்கிறத நான் சும்மா எழுத்துக்கு உள்ளதுன்னு நெனச்சேன். இல்லையாம். அறுபதுகள்லயே நம்ம மெட்ராஸ் மாநிலத்துல இருந்து போன மஹந்த் கௌசல்யா தாஸ் கேஸ்ல உச்ச நீதிமன்றம், இது கட்டாயம், இத மீறுனா தண்டனையே நிக்காதுன்னு சொல்லிட்டாவளாம். காரணம் என்னன்னு அண்ணாச்சி சொன்னது எனக்கு இன்னும் மறக்கல. சாட்சி இல்ல, குறுக்கு விசாரணை இல்ல, தடயம் இல்ல, ஒருத்தன் வாய்ல இருந்து வந்த வார்த்தை மட்டுந்தான் மொத்த கேஸும், அந்த வார்த்தையும் அவனோடதா இல்லைன்னா அப்ப மிச்சம் என்ன இருக்கு. “வெலக்கி வுடத்தான் போனேன்”ங்கிறது அப்படியே ரெக்கார்டுல ஏறி இருந்தா 160 என் மேல நிக்கவே நிக்காது, ஏன்னா அந்த செக்‌ஷனுக்கு ரெண்டு பேரு சண்டை போட்டிருக்கணும், வெலக்குறவன் சண்டை போடுறவன் இல்ல.

சரி அப்பீல் போவமான்னா அங்கதான் அடுத்த அடி. ஒத்துக்கிட்டு வாங்குன தண்டனைக்கு அப்பீல் கிடையாது, தண்டனை ஜாஸ்தி, சட்டப்படி இல்லைங்கிறதுக்கு மட்டும் வேணா கேக்கலாம், பழைய 375, புதுசுல 416. செஷன்ஸ் கோர்ட்டுக்கோ மதுரை ஹைகோர்ட்டு பெஞ்சுக்கோ ரிவிஷன், அதாவது கீழ்க்கோர்ட்டு உத்தரவு சரியான்னு பாக்கச் சொல்லி மனு, போலாம், ஆனா 90 நாளைக்குள்ள. நான் நகல் எடுத்ததே நாலு வருஷம் கழிச்சு. தாமதத்த மன்னிக்கச் சொல்லி மனு போட்டு, மதுரைக்கு அலைஞ்சு, வக்கீல் ஃபீஸ் குடுத்து… எங்கய்யாவுக்கு அந்த வருஷந்தான் பைபாஸ் ஆபரேஷன். விட்டுட்டேன். இதுல யார் மேலயும் கோவப்பட்டு பிரயோஜனம் இல்ல, அந்த மாஜிஸ்ட்ரேட்டு முன்னால அன்னைக்கு எத்தன கட்டு இருந்துச்சுன்னு நானே பாத்தேன், மேசையில இருந்து தரை வரைக்கும். ஆனா கட்டு நெறைய இருக்குங்கிறதுக்காக என் வாக்கியத்தப் பாதியில நறுக்கலாமான்னு இன்னைக்கும் கேப்பேன்.

வேலை விஷயத்துக்கும் ஒரு வழி இருந்துச்சுன்னு பின்னாலதான் தெரியும். 2016ல அவதார் சிங் கேஸ்ல உச்ச நீதிமன்றம் சொன்னது, சின்ன வயசுல கோஷம் போட்ட மாதிரி அற்ப கேஸ மறைச்சிருந்தா வேலை குடுக்குறவங்க அத மன்னிச்சு விடலாம், எல்லாத்தையும் ஒரே தராசுல நிறுக்காதீங்கன்னு. அத எடுத்துக்காட்டி ஒரு மனு குடுத்திருக்கணும். குடுக்கல. ஒண்ணு மட்டும் உறுதியா சொல்லுதேன், அந்த ஃபாரத்துல மறைக்காதீங்க. அம்பது ரூவா ஃபைனா இருந்தாலும், கோர்ட்டுல ஒத்துக்கிட்டுக் கட்டுனா அது குத்தவாளின்னு தீர்ப்பு, அதான் கன்விக்‌ஷன், கேஸ் நம்பரோட எழுதிருங்க. பெட்டி கேஸெல்லாம் எஸ்.டி.சி.ன்னு, சம்மரி டிரையல் கேஸ்ங்கிறதோட சுருக்கம், நம்பர் போட்டு இருக்கும், இப்ப ஒவ்வொரு கேஸுக்கும் சி.என்.ஆர்.னு பதினாறு எழுத்து நம்பர் இருக்கு, அதப் போட்டா போன்லயே கேஸு என்ன நெலமைல இருக்குன்னு வந்துரும். கேஸு மறைஞ்சு போற காலம் எல்லாம் மலையேறிட்டு. அதே மாதிரி பாஸ்போர்ட்டுக்கு பயந்து ஒத்துக்கிடுறவங்களும் இருக்காவ. கேஸு நடந்துக்கிட்டு இருந்தாதான் பாஸ்போர்ட்டுக்குத் தடங்கல், ஃபைன் கட்டுனதால பாஸ்போர்ட்டு போவாது, அஞ்சு வருஷத்துக்குள்ள ஒழுக்கக்கேடான குத்தத்துக்கு ரெண்டு வருஷத்துக்குக் குறையாம ஜெயில் வாங்குனவனுக்குத்தான் அந்த விதி.

இதெல்லாம் படிச்சுட்டு ஒத்துக்கிடவே கூடாதுன்னு சொல்லுதேன்னு நெனச்சிராதீய. என் சேக்காளி ஒருத்தன் கொத்தனாரு, போன வருஷம் கல்யாண வீட்டுல குடிச்சுட்டு வண்டில வந்து மாட்டுனான், மெஷின்ல ஊதச் சொன்னாவ, நம்பர் வந்துட்டு, நூறு மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம்தான் கணக்கு, இவனுக்கு அதுக்கும் எவ்வளவோ மேல. மோட்டார் வாகனச் சட்டம் 185 கேஸு ரோட்டுல ஃபைன் கட்டி முடிக்கதுக்கு ஆவாது, கோர்ட்டுக்குத்தான் போவணும். எங்கிட்ட வந்து என்ன செய்யன்னு கேட்டான், நான் சொன்னேன், நீ குடிச்சிருந்த, ஓட்டுன, அதுல பொய் என்ன இருக்கு, ஒத்துக்கோ. ஆனா தாள வாசிச்சுட்டு ஒத்துக்கோ, எந்த செக்‌ஷன், எவ்வளவு வரைக்கும் தண்டனைன்னு கேட்டுட்டு ஒத்துக்கோன்னு. வாசிச்சுப் பாத்தா அதுல 185ஓட ஒரு போலீஸ்காரர வேலை செய்ய விடாமத் தடுத்ததாவும் ஒரு வரி சேந்து இருந்துச்சு. அவன் மாஜிஸ்ட்ரேட்டம்மாகிட்ட, “அம்மா, குடிச்சது நெசம், ஒத்துக்கிடுதேன், யாரையும் தடுக்கல, அத ஒத்துக்கிட மாட்டேன்”னு சொல்லிருக்கான். அந்தம்மா ஏட்டப் பாத்து கேட்டிருக்காவ, குடிச்சதுக்கு பத்தாயிரம் போட்டுட்டு அந்த இன்னொரு வரிய விசாரணைக்குத் தள்ளி வச்சாவ. எழுத்துக்கூட்டி வாசிக்கிற பய அவன். பி.காம். படிச்ச நான் செய்யாதத அவன் செஞ்சுட்டு வந்து நின்னான்.

அவனுக்கும் தெரியாத ஒண்ணு இருந்துச்சு, எனக்கும் அப்ப தெரியல. முதத்தரம் தப்பு பண்ணுனவங்களுக்குன்னு 1958ல இருந்தே ஒரு சட்டம் இருக்கு, நன்னடத்தைச் சட்டம். ரெண்டு வருஷத்துக்குள்ள தண்டனை உள்ள குத்தம்னா, முன்ன தண்டனை வாங்காத ஆளுன்னா, எச்சரிச்சு விடலாம்னு அதுல 3வது செக்‌ஷன், இனி ஒழுங்கா இருப்பேன்னு எழுதி வாங்கிட்டு விடலாம்னு 4வது. அப்படி விட்டா அந்தத் தண்டனையால வார தகுதியிழப்பு வராதுன்னு 12வது சொல்லுது. எல்லா குத்தத்துக்கும் ஒத்து வராது, கோர்ட்டு குடுத்தாதான் உண்டு, ஆனா கேட்டாத்தானே குடுக்குறதுக்கு. ஒத்துக்கிடுற அதே மூச்சுல கேக்க வேண்டியது அது, ஃபைன் கட்டி ரசீது வாங்குனதுக்குப் பெறவு இல்ல.

இன்னொண்ணையும் ஒத்துக்கிடுறதோட போட்டுக் கொழப்பிக்கிடுதாவ, சமாதானம். பக்கத்து வீட்டுக்காரன் கூட அடிதடி, மிரட்டல்னு கேஸு, ரெண்டு பேரும் பேசித் தீத்துட்டு கோர்ட்டுல ராஜி ஆயிட்டா அது விடுதலை ஆன மாதிரி, கன்விக்‌ஷன் இல்ல. அதையே “எப்படியும் பேசி முடிச்சாச்சுல்லா”ன்னு ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டுனா அது கன்விக்‌ஷன். ரெண்டுக்கும் செலவு ஏறக்குறைய ஒண்ணுதான், ரெண்டுலயும் அன்னைக்கே வீட்டுக்கு வந்துரலாம், ரெக்கார்டுல மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். என்ன, எல்லா செக்‌ஷனுக்கும் ராஜி கிடையாது, என் 160க்கு கிடையாது. அத வக்கீல்கிட்டதான் கேக்கணும்.

வக்கீலுக்குக் காசு இல்லியேன்னுதான் எல்லாரும் சொல்லுவோம். பொம்பளையாளு, எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி, கஸ்டடில இருக்கவன், குறிப்பிட்ட வருமானத்துக்குக் கீழ உள்ளவன், இவங்களுக்கெல்லாம் 1987 சட்டப்படி இலவச வக்கீல் உண்டு, 15100க்கு போன் போட்டாலே சொல்லுவாவ, தாலுகா கோர்ட்டு வளாகத்துக்குள்ளயே வட்ட சட்டப் பணிகள் குழுன்னு போர்டு இருக்கும். நான் நின்ன வேப்பமரத்துல இருந்து இருவது அடி தூரத்துல அந்த போர்டு இருந்திருக்கு, 2013ல நான் அத பாக்கவே இல்ல. உனக்கு இலவச வக்கீல் உண்டுன்னு கோர்ட்டு சொல்லலைன்னா தண்டனையே செல்லாதுன்னு 1986ல சுக் தாஸ் கேஸ்ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு குடுத்திருக்கு, அருணாச்சலப் பிரதேசத்துக் கேஸு. கோர்ட்டு சொல்லலைன்னாலும் நாம கேக்கலாம்.

எனக்கு ஆச்சரியம் எதுன்னா, பெரிய கேஸுக்கு இதவிட எவ்வளவோ பாதுகாப்பு இருக்கு. ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை உள்ள கேஸ்ல ப்ளீ பார்கெய்னிங்னு ஒண்ணு, ஒத்துக்கிட்டு தண்டனையக் கொறைச்சுக் கேக்குற பேரம், 2006ல இருந்து இருக்கு, இப்ப பி.என்.எஸ்.எஸ்.ல 289ல இருந்து 300 வரைக்கும் அதான், கோர்ட்டு குத்தச்சாட்டு பதிவு பண்ணுன 30 நாளைக்குள்ள மனு போடணும். பொம்பளைங்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் எதிரான குத்தத்துக்கு இது கிடையாது. அந்த மனு போட்டா ஜட்ஜு உன்னைய மட்டும் தனி ரூம்ல உக்கார வச்சு, போலீசு, எதிர்த்தரப்பு யாரும் இல்லாம, நீயா விரும்பித்தான் வந்திருக்கியா, எவனும் மிரட்டுனானான்னு கேக்கணும். அங்க நீ சொன்னத வேற எந்த காரியத்துக்கும் எடுக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவனும் கூட உக்காந்து நஷ்ட ஈடு பேசலாம். எல்லாம் ஆகிவந்தா கொறைஞ்சபட்ச தண்டனை உள்ள குத்தத்துக்கு அதுல பாதி, முதத்தரம் பண்ணுனவனுக்கு கால்வாசின்னு புதுசுல கொறைச்சிருக்காவ. ஏழு வருஷ கேஸ்காரனுக்குத் தனி ரூம், நூறு ரூவா கேஸ்காரனுக்கு எட்டு பேரோட ஒரே வரிசை. என்ன நியாயம் இது? நூறு ரூவாக்காரனுக்குத் தனி ரூம் எல்லாம் வேண்டாம், ஒரு முழு வாக்கியம் பேச விட்டா போதும்.

இப்ப அந்த வாழைத் தோட்டத்துல ஓடுன பய கதைக்கு வாரேன். அவனுக்கு இப்ப இருபத்தேழு இருபத்தெட்டு, குட்டியானை ஓட்டுதான். 2024 கடைசியில ஒருநா விடியக்காலம் வாழைத்தார் லோடு ஏத்திக்கிட்டு வரையில சைடு ரோட்டுல இருந்து ஒரு பைக்கு பாத்துப் பாக்காம ஏறிட்டு, இவன் ஒடிச்சுத் திருப்பி வண்டி வாய்க்கால்ல சாஞ்சு, பைக்குக்காரருக்கு நெத்தியில நாலு தையல், இவனுக்கு வலது மணிக்கட்டு ஒடிஞ்சுட்டு. கேஸு யாரு மேல? பெரிய வண்டி மேலதான், அது நம்ம ஊரு வழக்கம். வேகமா ஓட்டுனது, காயம் உண்டாக்குனதுன்னு, இ.பி.கோ.வுக்குப் பதிலா வந்த பி.என்.எஸ். சட்டம் 281, 125(ஏ). உடனே ஆளாளுக்கு அதே பாட்டு, ஒத்துக்கிட்டு கட்டிட்டு வாலே, வண்டிய ரோட்டுல எறக்கி சம்பாதிக்கிற வழியப் பாருன்னு. சித்தப்பா என் முகத்தப் பாத்தாரு. நான் மஞ்சப்பைய எடுத்துட்டு வந்து அந்தப் பேப்பர அவன் கையில குடுத்தேன். பன்னெண்டு வருஷத்துல முதத்தரம் அவன் அத வாசிக்கான். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. பெறவு, “அண்ணே, என்னைய இழுக்க வந்துதானே”ன்னான். ஆமாலே மூதின்னேன்.

வட்ட சட்டப் பணிகள் குழுவுல ஒரு வக்கீலம்மாவக் குடுத்தாவ, நல்ல நிதானமான ஆளு. அவங்க ஒடனே கேட்டது, ஒடிஞ்ச கைக்கு நஷ்ட ஈடு கேட்டு மனு போடப் போறீயளா. போடத்தான் போறோம், ஆறு வாரம் வண்டி ஓட்டல, வருமானம் இல்ல. “அப்ப இங்க ஒத்துக்கிட்டீங்கன்னா, நான்தான் கண்ணு மண்ணு தெரியாம ஓட்டுனேன்னு நீங்களே சொன்னதா அங்க எடுத்து வைப்பாங்க, எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ்காரங்க அதத்தான் முதல்ல தேடுவாங்க”ன்னாவ. ஃபைன் ஒரு ரெண்டாயிரம் மூவாயிரம் வரும், அதுக்கு பயந்து எதெதெல்லாம் போகும்னு அப்பதான் அவனுக்கு உறைச்சுது. கர்நாடகாவுல ஒரு விபத்துக் கேஸப் பத்தியும் சொன்னாவ, திப்பேசாமின்னு பேரு, ஃபைனோட விட்டுருவாங்கன்னு நம்பி ஒருத்தரு ஒத்துக்கிட்டாரு, ஹைகோர்ட்டுல தண்டனைய ஏத்திட்டாவ, உச்ச நீதிமன்றம் போயித்தான், ஆசை காட்டி ஒத்துக்கிட வச்சுட்டு பெறவு ஏத்துறது நியாயமில்ல, ஒத்துக்கிட்டத தள்ளிட்டு முதல்ல இருந்து விசாரிங்கன்னு வந்துச்சாம். வெளிய மரத்தடியில எவனாவது “ஃபைனோட விட்டுருவாவ”ன்னு சொன்னா அந்த வார்த்தைக்கு கோர்ட்டுக்குள்ள ஒரு பைசா மதிப்பு இல்லைங்கிறது இதுல இருந்து எனக்குப் புரிஞ்சது.

ஒத்துக்கிடலன்னா செலவு இல்லைன்னு இல்ல. மாசத்துக்கு ஒரு வாய்தா, அன்னைக்கு லோடு போச்சு. சாட்சி வரமாட்டாரு, அடுத்த மாசம். வெறுத்துப் போயி நடுவுல ஒருதரம் “கட்டிட்டு வந்துரட்டாண்ணே”ன்னு போன் பண்ணுனான். பண்ணத்தான் செய்வான், அவனுக்கு மூணாங்கிளாஸ் படிக்க பிள்ளை இருக்கு, டியூ இருக்கு. அந்த நேரத்துல சட்டம் பேசுனா எரிச்சல்தான் வரும். நான் ஒண்ணும் பேசல, டியூ ஒரு மாசம் நான் கட்டுனேன்.

குத்தச்சாட்டு சொன்ன அன்னைக்கு நானும் கூடப் போனேன். பி.என்.எஸ்.எஸ். 230 படி எஃப்.ஐ.ஆர்., சாட்சி வாக்குமூலம் எல்லாத்துக்கும் நகல் ஃப்ரீயா குடுக்கணும், வக்கீலம்மா அத முன்னாலயே வாங்கி எங்கள ரெண்டு தரம் வாசிக்க வச்சிருந்தாவ. கிளார்க்கு படபடன்னு வாசிச்சு முடிச்சதும் மாஜிஸ்ட்ரேட்டு நிமிந்து பாத்து, “புரிஞ்சுதா, ஒத்துக்கிடுதியா, இல்ல சொல்ல வேண்டியது இருக்கா”ன்னு கேட்டாரு. ரெண்டு கேள்வியும் வந்துச்சு. என் நெஞ்சு அடிச்சது எனக்கே கேட்டுது. தம்பி எச்சிய முழுங்கிட்டு, “ஒத்துக்கிடலய்யா, பைக்கு சைடு ரோட்டுல இருந்து ஏறுச்சுய்யா, நான் என் பக்கத்துல இருவது வேகத்துலதான் வந்தேன்”னான். ஆமாய்யா எங்கயும் வரல, வீட்டுலயே சொல்லிக் குடுத்துதான் கூட்டிட்டுப் போயிருந்தேன்.

டைப் அடிச்சு கையெழுத்துக்கு நீட்டுனாவ. அவன் பேனாவ வாங்காம தாள வாங்குனான். விரல வச்சு வரி வரியா வாசிச்சான், பின்னால நாலு கேஸ்காரங்க காலு மாத்தி நிக்காவ, ஏட்டு ஒருத்தரு உச்சுக் கொட்டுதாரு. “அய்யா, சைடு ரோட்டுல இருந்துன்னு சொன்னேன், இதுல மெயின் ரோட்டுல இருந்துன்னு இருக்கு”ன்னான். மாஜிஸ்ட்ரேட்டு கண்ணாடிய எறக்கி அவனப் பாத்தாரு, டைப்பிஸ்டப் பாத்தாரு, “மாத்துங்க”ன்னாரு. மாத்தி வந்ததும் திரும்பவும் முதல் வரில இருந்து வாசிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டான். அடுத்த வாய்தா இருவத்திரண்டாம் தேதி.